முகவரியில் சேராத பெயர்

…பிச்சைமுத்து டோட் கோம் என்ற இணைய முகவரி இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை, யார் எடுப்பார்கள், பச்சை நிறத்தில் காட்டுகிறது, அப்பா பார்ப்பதற்குள் திலகா அந்த வரி மறையும்படி திரையை நகர்த்திவிட்டாள். குருபோங்கில் அப்பாவின் கடை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சுவரோரம் பிளாஸ்டிக் சுற்றிய சவப்பெட்டிகள், அப்பா நாற்காலியை அவள் முதுகுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்திருக்கிறார், மூச்சு கேட்கிறது. "செலண்டார்ல யார வேணா கேளு, பிச்சைமுத்துன்னா தெரியும்லா. ஏம்மா என் பேரு வேணாங்கற?" ஏன்… காரணம் தயாராகத்தான் இருந்தது. "தெரிஞ்சவங்க கூகல்ல தேட மாட்டாங்கப்பா. தெரியாதவங்கதான் தேடுவாங்க. ஹிந்து பியூனரல் மலாக்கான்னு போடுவாங்க. அதையே பேரா வச்சா மேல வரும்." அப்பா தொடையைத் தட்டினார். "அது சரிதான். நம்ம கார்ட காரியம் முடிஞ்சதும் கிழிச்சுப் போட்டுடறானுங்க. நம்பர போன்ல வச்சிருந்தா வீட்டுக்கு ஆகாதாம். அடுத்த சாவுக்கு மறுபடி மொதல்லேர்ந்து தேடறானுங்க!" சிரித்தார். அவளுக்கே தோன்றாத காரணத்தை அவரே எடுத்துக் கொடுக்கிறார், அவளும் சிரித்தாள், எப்படிச் சிரிக்க முடிந்தது?

சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. பாயா ரும்புட்டில் அவள் விரும்புகிற கோகுலராஜின் வீட்டில் அவன் அம்மா, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோது டிரான்ஸ்போர்ட் என்றாளே, அதுவும் பொய்யில்லை, வேன் இருக்கிறது, வேனில் ஏற்றித்தான் கொண்டுபோகிறார்… அந்த அத்தை எல்லாவற்றையும் கூகலில் தேடிப் பார்க்கிறவர், கல்யாண மண்டபத்தை, ஜோசியரை, சேலைக் கடையை. "ஒம் பேரையும் போட்டுப் பாத்தேன், ஒண்ணுமே வரல, நல்ல புள்ள," என்று கன்னத்தைக் கிள்ளினார். அடுத்து அப்பா பெயரைப் போடுவார், போட்டிருப்பார், இன்றுவரை ஒன்றும் வந்திருக்காது. தேடுகிறவர்களுக்கு அப்பா கிடைக்க வேண்டும், தேடுகிற ஒருத்திக்கு மட்டும் கிடைக்கக் கூடாது, அதற்கு ஒரு பெயர்… அவள் படித்த படிப்பு, அப்பா பிணம் குளிப்பாட்டிப் படிக்க வைத்த படிப்பு, இதற்குத்தான் உதவுகிறதா? வாங்கு என்ற பொத்தானை அழுத்தினாள்.

உரிமையாளர் பெயர் என்று கேட்டது. "ஒம் பேரப் போடு," என்றார் அப்பா. "ஒங்களுதுப்பா, ஒங்க கடை." "எனக்கு அப்புறம் யாருக்கு? போடும்மா. நாளைக்கே கல்யாணமாகிப் போனாலும் ஒனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்." குரலில் அப்படியொரு சந்தோஷம், நகை செய்து கொடுத்தவர்போல. திலகா பிச்சைமுத்து என்று தட்டினாள், இரண்டு பெயரும் ஒரே வரியில், வேறு எப்படி எழுதுவது? பெயருக்குக் கீழே சின்னக் கட்டம் இருந்தது, அவள் யோசிக்கக்கூட இல்லை, விரல் தானாகப் போய் அதில் டிக் வைத்துவிட்டது. "அது என்னாது?" "பேரு… வெளிய தெரியாம மறைக்கறதுக்குப்பா." கண்டவன் போன் பண்ணித் தொந்தரவு செய்வான், எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள், இந்தக் காரணமும் நாக்கில் தயாராக இருந்தது, இதுவும் உண்மைதான், அவர் கேட்கட்டும் என்று காத்திருந்தாள். நாற்காலி மெல்லப் பின்னால் நகர்ந்தது. "சரிம்மா," என்றார். அவ்வளவுதான். இந்த முறை ஏன் என்று கேட்கவில்லை… அப்படியென்றால் என் பேரு ஏன் வேணாம் என்று முதலில் கேட்டாரே, அது தெரியாமல் கேட்டதா? திரும்பி அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.