நடுவழியில் போன சூடு

வீட்டுக்குப் பின்னால் தனியாக இருந்த அறையில் தங்கை பெட்டிக்குள் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். மடிக்கக்கூடப் பொறுமை இல்லை. கம்பளிக்குள் கிடந்த கைக்குழந்தை மறுபடி தும்மியது. அந்தத் தும்மல்தான் அவளைக் கிளப்பிவிட்டிருந்தது.

"ஹீட்டர் பேருக்குத்தான் எரியுது, அண்ணா. ஓட்டை உடைசலை எங்க தலையில கட்டிட்டாங்க அண்ணி. இல்லேன்னா முன் வீட்டுலேருந்தே கரண்டைக் குறைச்சு விடறாங்க. நாங்க இருக்கறது அவங்களுக்குப் பாரம். நான் கிளம்பறேன்."

வாசலில் நின்ற அண்ணன் ஊரில் பாதி வீட்டுக்கு வயரிங் செய்தவர். சொந்த வீட்டு வேலை என்றால் மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்பார். பேச்சில் தங்கையை ஜெயிக்க முடியாது என்று தெரிந்த மனிதர், கரண்ட் அளக்கும் மீட்டரை எடுத்தார்.

ஹீட்டரை ஓடவிட்டு அளந்தார். நூற்றைம்பது வோல்ட், மூன்று ஆம்பியர்.

"நூத்தம்பதை மூணால வகு. அம்பது ஓம், இருக்க வேண்டிய அளவுதான். ஹீட்டர்ல ஒரு கோளாறும் இல்ல. ஆனா ரெண்டையும் பெருக்கினா நானூத்தம்பது வாட்தான் வருது. ஆயிரத்துக்கு மேல வரணும்."

"அதைத்தான் நானும் தொண்டை கிழியச் சொல்றேன்!"

"வா, அங்கயும் பார்த்துடுவோம்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். கையும் களவுமாகப் பிடித்துவிடுகிற வேகம் அவளுக்கு.

முன் வீட்டில் மீட்டர் இருநூற்று முப்பது காட்டியது. "நம்ம ஹீட்டரைப் போடு, இறங்குதான்னு பார்க்கலாம்" என்றார் அண்ணன், மனைவியிடம்.

அண்ணி நகரவில்லை. சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் கணவருடைய பழைய கோட்டு. இந்த வீடு ஜில்லிட்டுக் கிடப்பது தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. ஹீட்டர் கட்டிலுக்கடியில் தூசி படிந்து கிடந்தது, வயர்கூடப் பிரிக்கப்படாமல்.

"குளிரே இல்லேன்னு சொன்னியே?" என்றார் அண்ணன்.

"நம்மது ஓடினா அங்க குறைஞ்சுடுமோன்னு பயம். பச்சைக் குழந்தை இருக்கற இடமாச்சே. இவ வந்ததுலேருந்து நான் போடல."

அண்ணனே அதை வெளியே இழுத்து எரியவிட்டார். முள் அசையவில்லை. "இது எரிஞ்சாலும் எரியாட்டியும் அங்க ஒண்ணுதான்" என்று முணுமுணுத்தார். "எண்பது வோல்ட் நடுவுல காணாமப் போகுது. மூணு ஆம்பியரால பெருக்கினா இருநூத்தி நாப்பது வாட். எங்கயோ சும்மா சுட்டுக்கிட்டு இருக்கு."

மெயினை அணைத்துவிட்டு பின்னறைக்குப் போகும் வயரைத் தொடர்ந்து நடந்தார். சுவரோரத்தில், மிச்சம் மீதி வயரில் அவரே அவசரமாக முறுக்கிவிட்ட இணைப்பு கருகியிருந்தது. விட்டிருந்தால் தீயே பிடித்திருக்கும்.

"வேற எவன் வீட்டுலயாவது இப்படிப் பார்த்திருந்தா நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டிருப்பேன்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க குளிர்ல கிடந்ததெல்லாம் வீணாப் போச்சே, அண்ணி."

"என்ன வீண்?" அண்ணி குழந்தையை வாங்கிக் கோட்டுக்குள் பொத்திக்கொண்டாள். "குழந்தை கதகதப்பாத் தூங்குதுன்னு நினைச்சுக்கிட்டு நான் நல்லாத்தானே தூங்கினேன்."

புது வயர் போடும்வரை எல்லோரும் இங்கேயே என்று முடிவாயிற்று. தங்கை போய்ப் பெட்டியைத் தூக்கி வந்தாள். கட்டிலுக்கடியில், ஹீட்டர் கிடந்த இடத்தில், அதைத் தள்ளிவைத்தாள்.