நாலாவது கூறு

ஃபிரெடியின் தொழிலை ஆவூரில் ஒருவருக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் ஆட்டுக்கறியே வெந்துவிடும். ‘பாட்டைக் கூறு போடுறவன்’ என்று அவனே சுருக்கமாகச் சொல்லிக்கொள்வான். ஒரு பாட்டைக் கம்ப்யூட்டருக்குள் விட்டால் குரல் ஒரு கூறு, மேளம் ஒரு கூறு, பேஸ் கிட்டார் ஒரு கூறு, இதில் எதிலும் சேராதது ‘மற்றவை’ என்ற நாலாவது கூறு எனப் பிரித்துக் கொடுத்துவிடும். அதில் நல்ல துண்டாக நறுக்கிச் சென்னைக்கு அனுப்புவான். அங்கே அதைப் புதுப் பாட்டுக்குள் வைத்துத் தைத்துக்கொள்வார்கள்.

ஊரார் குரலையெல்லாம் பிரித்தெடுத்தவன் வீட்டில் ஒரு குரல் காணாமல் போயிருந்தது. அவன் மனைவி அமலராணி, கோவில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே பாடியவள். இரண்டு வருடத்துக்கு முன் தைராய்டு ஆபரேஷன் ஆனது. உயிருக்குப் பழுதில்லை, குரல்தான் கம்மிப்போனது. பாடக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை, அவளாகத்தான் நிறுத்திக்கொண்டாள். பூசையில் எல்லாரும் பாடும்போது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடி நிற்பாள். ஆண்கள் பக்கத்திலிருந்து ஃபிரெடி அதையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

இந்த ஈஸ்டருக்கு அவளுக்கு அவள் குரலையே பரிசாகக் கொடுப்பது என்று முடிவு செய்தான். பத்து வருடத்துக்கு முன் குழுவின் ஆறு பெண்களும் சேர்ந்து பாடிய மாதா பாட்டு ஒன்று பழைய மெமரி கார்டில் கிடந்தது. அதைக் கூறு போட்டான். குரல் கூறில் எல்லாருக்கும் மேலே ஏறி நின்ற ஒரு குரலைப் பிடித்தான். அதை நறுக்கி, சுத்தம் செய்து, அடியில் மெல்லிய கீபோர்டு வைத்து மூன்று வாரம் இழைத்தான்.

ஈஸ்டர் வரைக்கும் பொறுக்காமல், குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை மதியமே, அவள் அடுப்படி வேலையை முடித்ததும் கூப்பிட்டான்.

“அமலா, இங்கிட்டு வா. இதைக் காதுல மாட்டு.”

அவள் மாட்டிக்கொண்டாள். முதலில் கண் விரிந்தது. பிறகு உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று ஃபிரெடி துண்டைத் தேடினான். அவளோ மேசையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“என்னங்க இது? நம்ம ஸ்வீட்டியில்ல பாடுறா!”

ஸ்வீட்டி அவளுடைய தங்கை, அந்த ஆறு பேரில் ஒருத்தி.

“பன்னெண்டு வருசம் குடும்பம் நடத்தியும் பொண்டாட்டி குரலுக்கும் கொழுந்தியா குரலுக்கும் வித்தியாசம் தெரியலையா ஒங்களுக்கு?”

ஃபிரெடிக்கு முகம் சுண்டிப்போனது. அவள் இப்படிச் சிரித்து இரண்டு வருடமாயிற்று என்பதுகூட அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

“அப்ப ஒன் குரல் எங்க போச்சு?”

மேளத்தில் தேடினான், இல்லை. பேஸில் இருக்க வழியே இல்லை. கடைசியில் யாரும் சீந்தாத ‘மற்றவை’யைத் திறந்தான். ஆர்மோனியம் கேட்டது. யாரோ இருமினார்கள். அமலராணி சட்டென்று கையை உயர்த்தினாள்.

“அந்தா... ஆர்மோனியத்துக்குள்ள. அது நான்தாங்க.”

“அங்க என்ன பண்ணுற நீ?”

“நான் என்னைக்குங்க தனியாப் பாடுனேன்? மத்தவளுக சுதி விலகிருவாளுக. அவளுகளப் பிடிச்சு நிறுத்தத்தான் ஆர்மோனியப் பெட்டியோட ஒட்டிக்கிட்டே பாடுவேன்.”

ஒட்டிப் பாடியவளை ஆர்மோனியம் என்றே கணக்கில் வைத்துவிட்டது கம்ப்யூட்டர். கட்டினவனுக்கே அடையாளம் தெரியவில்லை, அதைக் குறை சொல்லி என்ன செய்ய?

ஃபிரெடி விடவில்லை. திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்தான். ஆர்மோனியத்தை எடுத்தால் அவளும் கூடவே போனாள். அவளை வைத்துக்கொண்டால் ஆர்மோனியமும் நின்றது. பாலில் கலந்த தண்ணீராகிவிட்டது.

“ஒன் குரல ஒனக்கு எடுத்துத் தரணும்னு நெனச்சேன், அமலா. முடியல.”

அவளுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது போலும். ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

“எந்த எடம்னு காட்டுனா எடுத்துருவீங்களா? இந்தா, இந்த வரியில ஸ்வீட்டி மேல போவா. நான் கீழயே நிப்பேன், இப்படி...”

பாடிக் காட்டினாள். ஒரு வரி காட்டத்தான் ஆரம்பித்தாள். அடுத்த வரி தானாக வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. குரல் கரகரத்தது, ஓரிடத்தில் அறுந்து மறுபடி சேர்ந்தது. ஃபிரெடி மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். சரணம் முடிந்த பிறகுதான் அவளுக்குத் தான் பாடியது தெரிந்தது. கை கழுத்துத் தழும்புக்குப் போனது.

“ரெக்கார்டு பண்ணிட்டீங்களா?”

“ஒன்னையக் கேக்காம எப்படிப் பண்ணுவேன்?”

“ரொம்பக் கம்மலா இருக்குல்ல?”

“இருக்கு.” ஃபிரெடி பொய் சொல்லவில்லை. “ஆனா இனிமே இத ஸ்வீட்டின்னும் சொல்ல மாட்டேன், ஆர்மோனியம்னும் சொல்ல மாட்டேன். இது நீதான்.”

அமலராணி மேசையோரம் இருந்த மைக்கைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை அதன் முன்னால் இழுத்துப் போட்டாள்.

“அப்ப மொதல்ல அந்த ஃபேன நிப்பாட்டுங்க. அது வேற வந்து என் கூட ஒட்டிக்கிரும்.”

ஃபிரெடி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் ஃபேனை நிறுத்தினான்.