செருமல் வரைக்கும்

தம்பியின் ஃபோன் மறுபடியும் பிஸி என்றது. டாக்ஸிக்காரரிடம் இன்னும் வேகமாகப் போகச் சொல்ல வாயெடுத்து, ஏற்கெனவே சொன்னதை நினைத்து அடங்கினாள். மடியில் அப்பாவின் கண்ணாடி, செருப்பு, பாதி தீர்ந்த பற்பசை என்று ஆஸ்பத்திரியில் கட்டிக் கொடுத்த பை. விடிகாலையில் அப்பா போய்விட்டார். உடல் பின்னால் வண்டியில் வரும். அழுவதற்கு அவளுக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

எல்லாம் தம்பியின் நல்ல மனசால் வந்தது. அம்மாவை அழைத்துக்கொண்டு முன்னால் கிளம்பியவன் வழியில் கூப்பிட்டான். அம்மா ஃபோனில் இடமே இல்லை, யார் அனுப்புவதும் வரவில்லை, பழையதையெல்லாம் சுத்தமாகத் துடைத்துவிட்டேன் என்றான். பாராட்டை எதிர்பார்க்கிற குரல். "நீதான் வீட்டுல எல்லாத்துக்கும் பேக்கப் வெச்சிருக்கியேக்கா" என்று சொல்லி வைத்துவிட்டான். அப்புறம் ஊருக்கெல்லாம் சாவுச் செய்தி சொல்ல ஆரம்பித்தவனுக்கு லைன் கிடைக்கவே இல்லை.

அவன் துடைத்ததில் அப்பாவின் குரலும் ஒன்று. நேற்று சாயங்காலம் படுக்கையில் கிடந்தபடி அம்மாவின் ஃபோனை வாங்கி, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, அதில் எதையோ பேசிப் பதிவு செய்து கொடுத்தார். அம்மா அதைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வரட்டும், பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கிறேன் என்றாள். பயம், வேறென்ன.

அவள் ஒரு வங்கியில் டேட்டாபேஸ் நிர்வாகி. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே ஒரு பாட்டுப் பாடுவாள்: ஒன்றைப் பார்த்து ஒன்று மாறிக்கொள்ளும் இரண்டு நகல்கள் இரண்டல்ல, ஒன்றுதான், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அதனால் ஆபீஸில் பழையதைத் தனியாக எடுத்துப் பூட்டி வைப்பாள். அம்மா வீட்டில் மட்டும் சோம்பல். ஃபோன் வீட்டு வைஃபைக்குள் நுழைந்ததும் ஹால் அலமாரியிலுள்ள சின்னப் பெட்டி அதை அப்படியே நகலெடுக்கும். நேற்று ராத்திரி மாற்றுப்புடவை எடுக்க அம்மா வீட்டுக்கு வந்துபோனபோது அப்பாவின் பதிவும் அதில் ஏறியிருக்கும். ஃபோனில் இல்லாததைத் தானும் அழித்துவிடும். புருஷனைப் பறிகொடுத்தவளை வாசலிலேயே நிறுத்தி வை என்று சொல்லத்தான் இந்தப் பாடு. அம்மாவுக்கும் அடித்துப் பார்த்தாள். எடுக்கவில்லை.

வாசலில் தம்பியின் கார் நின்றது. செருப்போடு உள்ளே ஓடினாள். படுக்கையறைக் கட்டிலின் ஓரத்தில் அம்மா ஃபோனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவர் பேசினத காணல" என்றாள்.

அவள் நேரே ஹால் அலமாரிக்கு வந்தாள். பெட்டியில் விளக்கு எரியவில்லை. ஒயர் தரையில் கிடந்தது. வருகிறவர்களுக்குக் காற்று வேண்டுமே என்று, சாவி வைத்திருந்த பக்கத்து வீட்டம்மா இவர்கள் வருவதற்கு முன்பே பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபேனைச் செருகியிருந்தாள். ஆபீஸில் யாராவது இப்படிச் செய்திருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இப்போது அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தாள். அப்பாவுக்காக என்று நினைத்து அந்த அம்மாள், அழுதுடும்மா என்று முதுகைத் தடவினாள்.

வைஃபையை அணைத்துவிட்டு, பெட்டியை லேப்டாப்போடு இணைத்தாள். பதிவு இருந்தது. இருந்தால் போதாது, ஓட்டிப் பார்க்காத பேக்கப் பேக்கப்பே இல்லை என்பதும் அவள் பாட்டுதான். ஆனால் இது அம்மாவுடையது. இத்தனை வருஷத்தில் யாருடைய கணக்கையும் அவள் எட்டிப் பார்த்ததில்லை. ஹெட்ஃபோனை மாட்டி அழுத்தினாள். அப்பா செருமினார். உடனே நிறுத்திவிட்டாள். 

அம்மாவின் ஃபோனை வாங்கி வந்து, பதிவை அதில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"நீ கேட்டியா?"

"இல்லம்மா. செருமினது வரைக்கும்தான்."

"மிச்சம் முழுசா இருக்குமா?"

இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "தெரியலம்மா."

அம்மா ஃபோனை மடியில் வைத்துக்கொண்டாள். "கதவச் சாத்திட்டுப் போ."

சாத்தினாள். ஹாலில் தம்பி இன்னும் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தான். கதவுக்குப் பின்னால் செருமல் கேட்டது. அது தாண்டி அப்பாவின் குரல், மெதுவாக, தடங்கலில்லாமல் வந்தது. வார்த்தைகள் பிடிபடத் தொடங்கின. அவள் விடுவிடுவென்று சமையலறைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு நின்றாள். கழுவ ஒரு பாத்திரம்கூட இல்லை.