பிழைத்திருப்பவர்

கொத்தனார் கூடத்தின் குறுக்கே நூல் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் போய் முழுதாக ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் அண்ணிக்குக் கூடத்தின் நடுவே சுவர் வேண்டும். ஜன்னல் பக்கம் அவளுக்காம், அடுப்புப் புகை வரும் பக்கம் எனக்காம். நான் வீட்டுப் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். இப்படி ஒரு சந்தோஷத்தை அனுபவித்து எத்தனை நாளாகிவிட்டது!

அண்ணனும் நானும் சேர்ந்து வாங்கிய வீடு. என் இதயத்தில் வால்வு பழுது, இரண்டு வருஷம் தாண்டுவதே கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்த சமயம் அது. பத்திரத்தின் வரைவைக் கொண்டுவந்த அண்ணன், "நீதான் அச்சாபீஸ்ல பிழை திருத்துறவளாச்சே. எழுத்துப்பிழை மட்டும் பாரு," என்றான். அந்த 'மட்டும்'தான் எனக்கு உறுத்தியது. நாலாம் பக்கத்தில் இருந்தது: 'இருவரில் ஒருவர் காலமானால், பிழைத்திருப்பவருக்கே முழு வீடும். இறந்தவரின் வாரிசுகளுக்குப் பாத்தியதை இல்லை.' யார் முதலில் போவார் என்று முடிவுகட்டிவிட்டுத்தான் எழுதியிருக்கிறான். சிவப்புப் பேனாவை மூடிவைத்தேன். "பிழை ஒண்ணுமில்லண்ணே," என்றேன். பதிவன்று கையெழுத்தும் போட்டேன். அன்றிலிருந்து ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிட்டதில்லை. வைராக்கியம்தான். மூன்று வருஷம் ஓடியது. கல்லுக்குண்டு மாதிரி இருந்த அண்ணன்தான் குளியலறையில் சுருண்டு விழுந்தான். அழுதேன், பொய்யாக அழவில்லை. அழுது முடித்த கையோடு பீரோவைத் திறந்து நாலாம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டேன்.

"சுவரு எழுப்பிட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி," என்றாள் அண்ணி.

"முதல்ல இதைப் படிங்க அண்ணி."

படித்தாள். மறுபடி படித்தாள். "பிழைத்திருப்பவர்னா?"

"சாகாம இருக்கறவங்க. நான்தான்."

"அவரை ஏமாத்திக் கையெழுத்து வாங்கிட்டியா?"

"எழுதச் சொன்னதே உங்க வீட்டுக்காரர்தான். நான் எழுத்துப்பிழை மட்டும்தான் பார்த்தேன்."

மூன்று வருஷமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த வாக்கியம். சொல்லும்போது தேனாக இனித்தது. கொத்தனார் நூலைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு மெல்ல நழுவினார்.

அண்ணி கத்துவாள், சாபம் விடுவாள் என்று காத்திருந்தேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதைத்தான் சொன்னாரா அவரு! 'ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோ, அப்புறம் வீடு நம்மளது'ன்னாரு. நானும் நாளை எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்." பத்திரத்தை மடித்து என்னிடம் நீட்டினாள். "எனக்குப் போக்கிடம் இல்ல. கொஞ்சம் தண்ணி குடு."

'வெளியே போங்க' என்ற அடுத்த வாக்கியமும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து டம்ளரைப் பிடித்தேன். அது நிரம்பி வழிந்து, என் முழங்கை வரை நனைத்துக்கொண்டிருந்தது.