மூணுகாலின் பட்டினி

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர் என்பதால், அந்தச் சலவைக்கூடத்தில் பாய்லர்காரருக்கு மூணுகால் என்று பெயர். முகத்துக்கு நேரே கூப்பிட்டால் கோபித்துக்கொள்வார். முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். ஆனால் இந்த முறை நியாயம் முழுக்க அவர் பக்கம்தான்.

பாய்லரின் உச்சியில் ஒரு சேஃப்டி வால்வு உண்டு. உள்ளே நீராவி அளவுக்கு மீறினால் அது தானாகத் திறந்து, வீலென்று கத்தி, மிஞ்சிய ஆவியை வெளியே விட்டுவிடும். அது கத்தும்போதெல்லாம் பக்கத்துக் கூடத்தில் இஸ்திரி உருளைகள் கொஞ்சம் ஆறிப்போகும். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் ஈரத்தோடு காத்திருக்கும். முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. மூணுகால் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, ஏணி போட்டு ஏறி, வால்வை வேலிக்கம்பியால் இறுகக் கட்டிவிட்டு இறங்கினார்.

திரும்பி வந்த மூணுகால் கம்பியைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் இருபத்திரண்டு பெண்கள் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி அவர் மனைவி. பாய்லர் வெடித்தால் சுவரும் இருக்காது, அவர்களும் இருக்கமாட்டார்கள். அவர் ஏறிக் கம்பியை வெட்டி, முதலாளியின் மேஜைமேல் கொண்டுபோய்ப் போட்டார்.

"என் உயிர் இருக்கிற வரைக்கும் இந்த வால்வக் கட்ட விடமாட்டேன்! இனிமே கட்டலன்னு நீங்க வாயால சொல்ற வரைக்கும் பச்சத் தண்ணி தவிர எதையும் தொடமாட்டேன். செத்தாலும் சரி!"

"சரி," என்றார் முதலாளி.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று மூணுகால் எதிர்பார்க்கவில்லை. போய் பாய்லர் அறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

பட்டினி இருக்கிறவன் அடுப்பையாவது அணைத்திருக்கவேண்டும். இவர் அணைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு விரிப்பு போகவேண்டும், வேறு யாரையும் பாய்லர் பக்கம் நம்பி விடவும் முடியாது. ஆகவே பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்துபோய் கரி அள்ளிப் போட்டுவிட்டு வந்து, மறுபடியும் உட்கார்ந்து சாகத் தொடங்குவார். தன் வயிறு காய, பாய்லருக்கு வேளை தவறாத விருந்து. முதலாளிக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில்கூட ஆள் நகராமல் வேலை பார்க்கிறாரே!

மனைவி மத்தியானம் டிபன் கேரியரோடு வந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் எதிரிலேயே உட்கார்ந்து, அவர் பங்கையும் சேர்த்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். இரண்டாம் நாளும் அதேதான்.

மூன்றாம் நாள் முதலாளியின் மச்சான் வந்தார். கையில் புத்தம்புதுக் கம்பிச் சுருள்.

"என்ன வேணும்?" என்றார் மூணுகால், பலவீனமாக.

"ஒண்ணும் அவசரமில்லண்ணே. உங்களுக்கு அப்புறம் பாய்லர் என் பொறுப்புன்னு மாமா சொல்லிட்டாரு. நீங்க முடிச்சிக்கிட்டு சொல்லுங்க, நான் காத்திருக்கேன்."

அப்போதுதான் மூணுகாலுக்கு உறைத்தது. உயிர் இருக்கிற வரைக்கும் என்று தானே வாயைக் கொடுத்து, அந்த உயிரையும் தானே அவசர அவசரமாகக் குறைத்துக்கொண்டிருக்கிறார். தலை சுற்றியது. பசியா பயமா என்று தெரியவில்லை. கேரியரோடு வந்த மனைவியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"புரிஞ்சுதா?" என்றாள் அவள். "நீங்க செத்தா உங்களுக்கு மாலை போடுவாங்க. வால்வுக்குக் கம்பி போடுவாங்க. அதுக்கு அடியில நின்னுதான் நான் விரிப்பு மடிக்கணும்."

"அதுக்காக சொன்ன வார்த்தைய முழுங்கச் சொல்றியா?"

"வார்த்தைய எதுக்கு முழுங்கணும்? சோறு இருக்கு. கொஞ்சம் பொறுங்க. போய் அடுப்ப மட்டும் பார்த்துக்குங்க."

முப்பது வருஷம் கூட வாழ்ந்தவர் அல்லவா, அவருக்குப் புரிந்தது. உள்ளே போய்க் கரியை ஓரமாக இழுத்து, காற்று போகும் கதவை மூடிவிட்டார். மீட்டர் முள் மெல்ல இறங்கத் தொடங்கியது.

அவள் பெண்களை எல்லாம் முற்றத்துக்கு அனுப்பிவிட்டு முதலாளியிடம் போனாள்.

"ஐயா, வால்வக் கட்டினா ஒண்ணும் ஆகாதுன்னு நம்பறீங்க இல்லையா?"

"ஆமா. எத்தன தடவ சொல்றது?"

"எங்க வீட்டுக்காரர் அவர் நம்பறதுக்காகச் சாகவே உக்காந்துட்டாரு. நீங்க சாக வேணாம். உங்க மேஜைய பாய்லர் பக்கத்துல போட்டுத் தர்றோம், வால்வக் கட்டிட்டு ஒரு மணி நேரம் உக்காந்தா போதும். நாங்களும் நம்பிடுறோம்."

முற்றத்தில் இருபத்தொரு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த முதலாளி மாட்டேன் என்பார்? மேஜை வந்தது, நாற்காலி வந்தது. மச்சான் ஏறிக் கம்பியைக் கட்டிவிட்டு, இறங்கிய வேகத்தில் வாசலைத் தாண்டினார்.

"எங்கடா போற? நீயும் உக்காரு!"

"வீட்டுல அடுப்ப அணைச்சேனான்னு சந்தேகமா இருக்கு மாமா!"

முதலாளி உட்கார்ந்தார். எதிரே மூணுகால், கரி அள்ளும் மண்வெட்டியோடு, மூன்று நாள் தாடியோடு, எல்லாவற்றையும் துறந்தவர் மாதிரி நின்றார். பாய்லர் ஆறும்போது தகரம் சுருங்கி டொக்கென்று ஒரு சத்தம் போடும். போட்டது. முதலாளி மீட்டரைப் பார்த்தார்.

"முள் ஏறுதாய்யா?"

"நீங்கதான் பார்த்துச் சொல்லணும்," என்றார் மூணுகால்.

இறங்கிக்கொண்டிருந்த முள் முதலாளி கண்ணுக்கு ஏறிக்கொண்டே போனது. இன்னொரு டொக். நாற்காலி ஒரு பக்கம் சாய, முதலாளி ஏணியில் இருந்தார். கம்பியைத் தன் கையாலேயே வெட்டி எறிந்தார்.

"கட்டல! இனிமே யாரும் கட்டக் கூடாது. போதுமா?"

முற்றத்தில் எழுந்த சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மேஜையைத் திருப்பி எடுத்துப்போக ஆள் கேட்டார் முதலாளி. "அங்கயே இருக்கட்டும்யா. அடுத்து யாருக்காச்சும் கட்டத் தோணுச்சுன்னா உக்கார இடம் வேணுமே," என்றார்கள் பெண்கள்.

அந்த மேஜையிலேயே மனைவி கேரியரைப் பிரித்தாள். மூணுகால் முதல் வாயை வைத்துவிட்டு நிறுத்தினார். முகம் வாடியிருந்தது.

"என்ன?"

"நான் சாகத்தான் துணிஞ்சேன். ஜெயிச்சது நீ."

"இன்னும் யாரும் ஜெயிக்கல," என்றாள் அவள். "அவர் நாளைக்கே மறந்துடுவாரு. நீங்கதான் தினமும் ஏறிப் பார்க்கணும். சாகறதா இருந்தா ஒரு மாசத்துல முடிஞ்சிருக்கும். இப்போ ரிடையர் ஆகப் பதினோரு வருஷம் இருக்கு."

மூணுகால் தலையை நிமிர்த்தி வால்வைப் பார்த்தார். பதினோரு வருஷம், தினம் இரண்டு முறை, அந்த ஏணி. பிறகு தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அப்போ இன்னும் கொஞ்சம் போடு."