கேட்டிலிருந்து ஐந்தாவது ரூம் வரை

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கம்மா" என்று டாக்டர் சொன்னபோது, எந்த வீட்டுக்கு என்றுதான் பவானிக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. டாக்டர் சின்னப் பெண். ஈரலில் இருந்த கட்டி பரவிவிட்டது, இனி மருந்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை, நாலு நாளோ ஒரு வாரமோ, வலிக்கு மாத்திரை எழுதித் தருகிறேன் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பவானியின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

சிதம்பரம் பெரியாஸ்பத்திரியின் வராண்டாவில் நின்று பவானி கணவனின் அண்ணனுக்குப் போன் போட்டாள். குமராட்சியைத் தாண்டி, கொள்ளிடக் கரையோரம் அவர்கள் ஊர். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டு ஆறு நாளாகியிருந்தது.

"ஊரே பள்ளிக்கூடத்துலதாம்மா கெடக்குறோம். எங்க ரூம்புல மட்டும் பதினோரு குடும்பம். கால நீட்ட எடமில்ல. இங்க எங்கம்மா அவனப் படுக்க வைப்பேன்?" என்று கேட்டுவிட்டு அவர் அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை பவானி போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

அவர்களுடைய சொந்த வீடு மூன்று வருடம் முன்பு வந்த வெள்ளத்திலேயே சுவர் கரைந்து உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவளும் கணவன் அறிவழகனும் கடலூருக்கு வந்தார்கள். அவனுக்குத் துறைமுகத்தில் ஐஸ் கட்டி உடைக்கும் வேலை. அவளுக்கு இறால் உரிக்கும் வேலை. முதுநகரில் ஒரு வாடகை ரூம்.

அந்த ரூம்தான் இப்போது மிச்சம். அதற்குள் அவனைக் கொண்டுபோக முடியாது என்பதுதான் சிக்கல்.

வீட்டுக்காரம்மா புஷ்பமேரி கெட்டவள் இல்லை. கணவர் போன பிறகு, தன் வீட்டை ஒட்டி வரிசையாக ஐந்து ரூம்களைக் கட்டிவிட்டு அந்த வாடகையில் காலம் தள்ளுகிறாள். ஐந்துக்கும் ஒரே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரே குழாய், கடைசியில் ஒரே கக்கூஸ். இரண்டு வருடம் முன்பு மூன்றாவது ரூமில் ஒரு பெரியவர் செத்துப்போனார். அதன்பிறகு பத்து மாதம் அந்த ரூம் பூட்டியே கிடந்தது. பார்க்க வருகிறவர்களின் காதில் தெருமுனைப் பெட்டிக்கடையிலேயே விஷயம் விழுந்துவிடும். அப்படியே திரும்பிவிடுவார்கள்.

கடலூரில் முடியாது என்றதும் அறிவழகனைச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று புஷ்பமேரி கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கோவிச்சிக்காத பவானி. கொணமாயி வந்தா ராசாவாட்டம் வரட்டும். இல்லன்னா அங்கருந்தே உங்க ஊருக்குக் கொண்டு போயிடு. இந்த கேட்டுக்குள்ள மட்டும் கொண்டாராத. எனக்கு வேற பொழப்பு இல்ல."

நர்ஸ் ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டாள். பவானி வேண்டாம் என்றாள். ஆம்புலன்ஸ் போய் நின்றால் தெருவே கூடிவிடும். ஆட்டோ ஓட்டும் சார்லஸுக்குப் போன் செய்தாள். துறைமுகத்தில் ஐஸ் ஏற்றிக்கொண்டு போகிற பழக்கத்தில் அறிவழகனுக்குச் சிநேகிதன். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குச் சவாரி இல்லாமல் வந்தான்.

புதுச்சத்திரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். அறிவழகன் அவள் மடியில் சாய்ந்திருந்தான். கையும் கழுத்தும் குச்சியாகிவிட்டன. வயிறும் காலும் மட்டும் வீங்கியிருந்தன. அவள் பாட்டில் தண்ணீரால் அவன் முகத்தைத் துடைத்தாள். தலை வாரினாள். பையிலிருந்த நீலச் சட்டையை எடுத்துப் போட்டுவிட்டாள்.

"எதுக்குப் புள்ள? பொண்ணு பாக்கவா போறோம்?" என்றான்.

"மாமா, அந்தம்மா உள்ள விடணும்னா நீ நடந்து போவணும்."

அவன் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தான். எல்லாம் புரிந்துவிட்டது. "எத்தன அடி?" என்று மட்டும் கேட்டான்.

"கேட்டுலேருந்து இருவது, இருவத்திரெண்டு இருக்கும்."

"கடைசி ரூம்பப் புடிச்சிருக்க பாரு" என்றான்.

சார்லஸ் ஆட்டோவின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பினான். "தங்கச்சி, கண்ணு மஞ்சக்கெழங்காட்டம் இருக்குதே. அத எப்படி மறைப்ப?" தான் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அறிவழகனுக்கு மாட்டிவிட்டான். "கேட்டா மெட்ராஸ் ஐன்னு சொல்லு. ஒரு பய கிட்ட வரமாட்டான்."

மூன்று பேரும் சிரித்தார்கள். அறிவழகனுக்குச் சிரித்ததில் இருமல் வந்து, அடங்க நேரமாயிற்று.

முதுநகர் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. புஷ்பமேரி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அறிவழகன் ஆட்டோவிலிருந்து தானே இறங்கினான். செருப்புக்குள் கால் நுழையவில்லை. பவானி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். தோளில் கைபோடப் போனவளை அவன் வேண்டாம் என்று தலையசைத்துத் தடுத்தான்.

"அடடே, நடந்தே வராரே! கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று புஷ்பமேரி எழுந்தாள். "இது என்னா கண்ணாடி?"

"மெட்ராஸ் ஐம்மா. ஆஸ்பத்திரில ஒட்டிக்கிச்சி" என்றாள் பவானி.

எழுந்தவள் சட்டென்று இரண்டு எட்டு பின்னால் போனாள். "யப்பா, தள்ளியே போங்க. கொழாயத் தொடாதீங்க." பிறகு அவனை மேலும் கீழும் பார்த்தாள். புஷ்பமேரியின் பார்வை அவன் வயிற்றில் நின்றது. "பாரேன், தொப்பையே போட்டுடுச்சி. ஆஸ்பத்திரிச் சாப்பாடு ஒத்துக்கிச்சி போல."

"வேளாவேளைக்கு முட்ட குடுத்தாங்கம்மா" என்றான் அறிவழகன். "அடுத்த வாரம் வேலைக்கே போவலாம்னுட்டாங்க."

அவன் இவ்வளவு நன்றாகப் பொய் சொல்வான் என்று பவானிக்கு அன்றுதான் தெரியும். அவன் நடந்தான். முதல் ரூம், இரண்டாவது ரூம். மூன்றாவது ரூம் வாசலில் நின்று, அவிழாத வேட்டியை அவிழ்த்துக் கட்டுகிற சாக்கில் மூச்சு வாங்கினான். மறுபடி நடந்தான். ஐந்தாவது ரூமின் படியேறி, உள்ளே போய், கதவு சாத்தியதும் மடங்கி விழுந்தான். சத்தம் வராமல் பவானி பிடித்துக்கொண்டாள்.

ரூம் எட்டுக்குப் பத்து. பக்கத்துச் சுவர் கூரைவரை எழும்பவில்லை. மேலே ஒரு முழம் இடைவெளி. நாலாவது ரூமில் கரண்டி விழுந்தால் இங்கே கேட்கும். அந்த ரூமில் தில்லையம்மாள் தனியாக இருந்தாள். மீன் ஏலக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறவள், வாய்க்காரி. நோயாளி படுத்த ரூம் எப்படி இருக்கும் என்று பவானிக்குத் தெரியும். அமைதியாக இருக்கும். அந்த அமைதிதான் காட்டிக்கொடுக்கும்.

அதனால் அவள் பேசினாள்.

காலையில் எழுந்ததும், "என்னா மாமா, டீயில சக்கர போதுமா?" என்பாள். "இன்னிக்கு மத்தி மீன் வாங்கியாரவா?" என்பாள். அவன் பதில் சொல்லியதுபோலக் கொஞ்சம் விட்டு, "உனக்கு நாக்கு நீளம்தான்" என்று சிரிப்பாள். வாசலிலிருந்து புஷ்பமேரி, "கண்ணு எப்பிடிருக்கு?" என்று குரல் கொடுத்தால், "தேவலாம்மா, கண்ணாடியக் கழட்டமாட்டேங்குறாரு" என்பாள்.

"கட்டுன நாளா நீ இம்புட்டுப் பேசுனதில்ல" என்று அறிவழகன் இரண்டாம் நாள் அவள் காதருகில் சொன்னான்.

உண்மைதான். ஏழு வருடத்தில் சேர்த்துப் பேசியதைவிட இந்த இரண்டு நாளில் அதிகம் பேசிவிட்டாள். சுவருக்காகத்தான் ஆரம்பித்தாள். பேசப் பேச, சுவருக்குத் தேவையில்லாததும் வந்தது.

"வேலைக்குச் சேந்த புதுசுல உனக்கு ஐஸ் கம்பெனிக்குச் சோறு கொண்டாந்தேனே, நெனப்பிருக்கா? நீ சாப்புட்டியான்னு கேட்ட. சாப்புட்டேன்னேன். சாப்புடல மாமா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா முழுசையும் தின்ன?"

"பசிச்சிது" என்றான்.

அவளுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் குழாயில் தண்ணீர் விட்டார்கள். ஒரு மணி நேரம்தான் வரும். வெளியே குடங்களின் சத்தம். அவன் விடியற்காலையிலிருந்து கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் இழுத்து இழுத்து வந்தது. அவள் ஈரத்துணியால் அவன் பாதத்தைத் துடைத்தபடி பேசிக்கொண்டிருந்தாள்.

"தில்லையக்கா ஒரு பூனைக்குச் சோறு வைக்குதே மாமா, அது நேத்து..."

மூச்சு வெளியே போனது. அவள் காத்திருந்தாள். திரும்ப வரவில்லை. வெளியே யாரோ, "சீக்கிரம் புடிடி" என்றார்கள். அவள் கை அவன் பாதத்தின் மேலேயே இருந்தது.

"...நேத்து அது கொழம்புச் சட்டிலயே வாய வச்சிடுச்சி" என்று முடித்தாள். அந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று முன்பே நினைத்து வைத்திருந்தாள். சிரிப்பு வந்தது. "சரி, தூங்கு" என்றாள்.

சுவருக்கு மேலிருந்து தில்லையம்மாளின் குரல், மிகவும் தணிவாக.

"பவானி."

"என்னாக்கா."

"தூங்குறாரா?"

"ஆமாங்கா."

சுவருக்கு அந்தப் பக்கம் பாய் சரசரத்தது. பிறகு, "மூச்சு சத்தம் கேக்கலியேடி. மூணு நாளா அதக் கேட்டுக்கிட்டுத்தான நான் படுத்திருக்கேன்" என்றாள்.

பவானி முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள்.

"தாப்பாப் போடு" என்றது குரல். "நான் வெளிய போறேன். அங்க சத்தம் ஏறுனதும் நீ அழுதுக்க. அடக்காத, செத்துப்போவ."

தில்லையம்மாளின் கதவு திறந்தது. குழாயடிக்குப் போனவள் யாருடைய குடத்தையோ உதைத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் குடம் உருண்டது.

"எவடி எங் கொடத்தப் பின்னால தள்ளுனவ?"

"யாருக்கா தள்ளுனது? நீ இப்பதான வர?"

"காலைல வரிசையில வச்சிட்டுப் போனன்டி! எம் முன்னால வந்து நிக்குற அளவுக்கு வளந்துட்டியா?"

"ஒங் கொடம் என்ன கலெக்டர் கொடமா, எழுந்து நின்னு வழி விட?"

"வாடி வா! முனிசிபாலிட்டிக் கொழாயச் சீதனமாக் கொண்டாந்தவ பேசுறா பாரு!"

நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன. குடங்கள் விழுந்தன. "என்னா அங்க சந்தக்கட? வெளக்குமாத்த எடுத்தேன்னா..." என்று புஷ்பமேரியும் கத்திக்கொண்டு வந்தாள். அவளையும் தில்லையம்மாள் விடவில்லை.

பவானி வாயிலிருந்த துணியை எடுத்தாள். அவன் நெஞ்சில் முகத்தை வைத்து அழுதாள். முதலில் பயந்து பயந்து, பிறகு பயமில்லாமல். அடிவயிற்றிலிருந்து வந்தது. "என்ன இங்க கொண்டாந்து தனியா விட்டுட்டுப் போறியே மாமா" என்று ஊரில் அழுவதுபோலவே ராகம் போட்டு அழுதாள். வெளியே சத்தம் ஏற ஏற, அவளும் ஏறினாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஐயோ, தண்ணி நின்னு போச்சி!" என்று வெளியே ஒருத்தி கத்தினாள்.

சண்டை அப்படியே அறுந்தது. அந்த அமைதியில் பவானியின் குரல் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அது அவளுக்கே கேட்டது. நிறுத்த முடியவில்லை.

கதவைத் தட்டினார்கள். திறந்தாள். புஷ்பமேரி நின்றாள். அவளுக்குப் பின்னால் பெண்கள், ஈரச் சேலையோடு தில்லையம்மாள். புஷ்பமேரி உள்ளே எட்டிப் பார்த்து நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். படியேறவில்லை.

"எப்ப?"

"இப்பதாம்மா."

"நெசத்தச் சொல்லு. தெரிஞ்சிதான கூட்டியாந்த?"

பவானி ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"என் வயித்துல அடிச்சிட்டியே பவானி. ரெண்டு ரூம்பு ஆச்சி எனக்கு. ரெண்டு." அவள் குரல் உடைந்தது. கோபமா அழுகையா என்று சொல்ல முடியாது. "பொழுது சாயறதுக்குள்ள எடுத்துரு. நாளைக்கு நீயும் காலி பண்ணிடு."

"சரிம்மா" என்றாள் பவானி. கெஞ்ச வேண்டும் என்று தோன்றவில்லை. அந்த ரூமால் அவளுக்கு ஆக வேண்டியிருந்தது ஆகிவிட்டது. நாளைக்கு எங்கே என்று அப்போது அவளால் நினைக்க முடியவில்லை.

புஷ்பமேரி திரும்பினாள்.

"அவரக் குளிப்பாட்டணும்மா" என்றாள் பவானி. "தண்ணி இல்ல."

குழாயடியில் குடங்கள் கவிழ்ந்து கிடந்தன. ஒன்றில்கூட ஒரு சொட்டு இல்லை. பிடித்திருந்ததும் சண்டையில் கொட்டிப்போயிருந்தது; அதற்குப் பிறகு யாருமே பிடிக்கவில்லை. தண்ணீர் இருந்தது புஷ்பமேரியின் வீட்டு மாடித் தொட்டியில் மட்டும்தான். ரூம்காரர்களுக்கு அவள் அதைத் திறந்ததே இல்லை.

அவள் குடங்களைப் பார்த்தாள். தில்லையம்மாளை முறைத்தாள். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்தாள்.

"நாலு கொடம்" என்றாள். "அதுக்கு மேல கேக்காத."

பவானி மூலையிலிருந்த குடத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.