பதினேழு கையெழுத்துகள்

சவப்பெட்டியின் மேல் குனிந்து, வினிகரில் நனைத்த பஞ்சால் கணவரின் நகக்கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள் சவேத்தா. இடது கை முடிந்திருந்தது. வலது கட்டைவிரலில் இருந்த சிமெண்ட் மட்டும் விடுவதாக இல்லை.

"விடும்மா. துணியைக் கொஞ்சம் மேல இழுத்து மூடிடலாம்," என்றாள் இலிங்கா.

"கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான் சர்ச்சுல வந்து நின்னாரு உங்கப்பா. மோதிரம் போடப் போனா விரல் பூரா சாந்து. இன்னிக்காவது சுத்தமாப் போகட்டும்."

வெள்ளிக்கிழமை காலை. ஒரு மணிக்கு அடக்கம். சாவு வீட்டு வழக்கப்படி, முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த அலமாரியைப் படுக்கை விரிப்பால் மூடியிருந்தார்கள். வாசல் கதவு மூன்று நாளாகத் திறந்தே கிடந்தது. யாஷ் நகரத்து ஜூலைப் புழுக்கத்தில் மெழுகுவர்த்திகள் நிற்கமுடியாமல் சாய்ந்தன.

அவள் கணவர் நெக்குலாய் செவ்வாய்க்கிழமை வேலையில் இருந்தபோது நான்காவது மாடியிலிருந்து விழுந்தார். முப்பது வருடம் பலகை அடித்தவர். அவர் அடித்த பலகைக்குள்தான் மற்றவர்கள் கான்கிரீட் ஊற்றுவார்கள். மகளைத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டுமான மேலாண்மைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். இலிங்காவுக்கு மருந்தாளுநர் படிப்பில் ஆசை. "நான் கட்டடத்தைக் கீழேருந்தே பாத்துட்டேன், நீ மேலேருந்து பாரு," என்று சொல்லி முடித்துவிட்டார். மூன்றாம் ஆண்டுக் கோடைப் பயிற்சிக்கு எங்கே போவது என்ற பேச்சே எழவில்லை. தன் மேலாளர் தோரினிடம் அவரே கேட்டு, தான் வேலை பார்க்கும் கட்டுமானத் தளத்திலேயே இடம் வாங்கிவிட்டார். தினமும் காலையில் அப்பாவும் மகளும் ஒரே டிராமில் போனார்கள்.

பதினோரு மணிக்கு தோரின் பெரிய மலர்வளையத்தோடு வந்தார். பெட்டியருகே சிலுவை போட்டுக்கொண்டு, சற்று நேரம் நின்றுவிட்டு, இலிங்காவைச் சமையலறைக்கு அழைத்தார். அடுப்பில் சடங்குக்கான கோதுமை வெந்துகொண்டிருந்தது.

"தொழிலாளர் துறைலேருந்து ஒரு அம்மா வருவாங்க. பாதுகாப்பு ஏட்டை நேத்தே அவங்ககிட்ட குடுத்துட்டேன். செவ்வாய்க்கிழமைக்கான பக்கத்துல உங்கப்பா கையெழுத்து இருக்கு."

"அது அப்பா போட்டது இல்ல சார். உங்களுக்கே தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்? பத்து மணிக்குள்ள எல்லார் கையெழுத்தும் வாங்குன்னு சொன்னேன். நீ வாங்கினே. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"அன்னிக்கு யாருக்கும் எதுவும் சொல்லித் தரவே இல்லையே. பெல்ட் மாட்டுறதுக்குக் கம்பி கூட இழுக்கல."

தோரின் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பதினேழு பேர் கையெழுத்தை உக்காந்து நீயே போட்டிருக்கேன்னா, அதுக்குப் பேரு என்ன தெரியுமா? என் வேலை போகும், சரி. உனக்கு? படிப்பு போகும். கேஸ் வரும். பெத்த அப்பன் செத்த கேஸ்ல குத்தவாளியா நிப்பியா? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் பாப்பா."

அவர் சொன்னதில் பொய் இல்லை. செவ்வாய்க்கிழமை கான்கிரீட் வண்டிகள் வரிசையில் நின்றன; வேலையை நிறுத்த யாருக்கும் நேரமில்லை. பாதுகாப்பு முறைகளைச் சொல்லித் தந்தாயிற்று என்று வேலையாட்கள் கையெழுத்துப் போடவேண்டிய ஏட்டோடு அவள் ஒவ்வொருவரிடமும் ஓடினாள். "கண்ணாடி கொண்டு வரல, நீயே போட்டுடு," என்றார் அப்பா, ஆணியைப் பல்லில் கடித்தபடி. அவருடைய கூட்டாளி கவ்ரில், "எனக்கும் சேத்துப் போடு இன்ஜினியரம்மா. என் கையெழுத்தைவிட அழகா இருக்கணும்," என்று சிரித்தார். தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பதினேழையும் போட்டாள். அப்பாவினுடையது எளிது. பள்ளிக்கூட நாட்களில் மதிப்பெண் அட்டையில் போட்டுப் பழகியதுதான். பதினொன்றரைக்குக் கீழே யாரோ கத்தினார்கள்.

தோரின் திரும்பியபோது, சமையலறை வாசலில் சவேத்தா, பெட்டி தூக்குபவர்களுக்குக் கொடுக்கும் துண்டுகளை அடுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவருக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். பிறகு அடுப்பருகே போய்க் கோதுமையைக் கிளறினாள்.

"அம்மா, நான் அந்தம்மாகிட்ட உண்மையைச் சொல்லப்போறேன்."

"அடி பிடிக்குது பாரு. தீயக் குறை."

கசாக்கு என்ற அந்த அதிகாரி அரை மணி கழித்து வந்தார். கறுப்பு உடையில், சாவு வீட்டு முறைப்படி இரட்டைப்படை எண்ணிக்கையில் பூக்கள் கொண்டுவந்திருந்தார். "இன்னிக்கு வந்திருக்கக் கூடாது. திங்கக்கிழமை அறிக்கை மேல போகணும், மன்னிச்சுக்கங்க," என்று சொல்லி, சமையலறை மேசையில் ஏட்டின் நகலை விரித்தார்.

"இது உங்க கணவர் கையெழுத்துதானா?"

இலிங்கா வாயைத் திறந்தாள். "அது அப்பா..."

"அவரோடதுதான்," என்றாள் சவேத்தா.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா. இது அவர் போட்டதுன்னா, எப்படி பெல்ட் மாட்டணும்னு அவருக்குச் சொல்லிக் குடுத்தாச்சு, அவர்தான் மாட்டலன்னு ஆகும். தப்பு அவர் பேர்ல எழுதப்படும். உங்களுக்கு வரவேண்டிய உதவித்தொகையும் பெரும்பாலும் கிடைக்காது."

"இருவத்தாறு வருஷமாப் பாக்குற கையெழுத்து. எனக்குத் தெரியாதா?"

கசாக்கு இலிங்காவைப் பார்த்தார். "ஏடு உங்க பொறுப்புலதானே இருந்துச்சு? நீங்க ஏதாவது சொல்லணுமா?"

மேசைக்கடியில் அம்மாவின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தப் பிடியில் கை விரல்கள் மரத்துப்போயின. வகுப்பில் பேராசிரியர் சொல்லிக்கொடுத்த வாக்கியம் ஒன்று நினைவுக்கு வந்தது. 'ஏட்டில் இருப்பதுதான் நடந்தது.' அடிக்கோடிட்டு எழுதிவைத்திருந்தாள். தேர்விலும் அது கேள்வியாக வந்தது.

"இல்ல," என்றாள்.

வாக்குமூலத்தில் சவேத்தா ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். கசாக்கு தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு, உடனே எழுந்திருக்காமல் இன்னும் ஒரு கணம் இலிங்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய்விட்டார்.

"ஏம்மா இப்படிப் பண்ணே? எல்லாரும் அப்பாவைத்தானே முட்டாள்னு சொல்லுவாங்க? முப்பது வருஷம் வேலை பாத்தவருக்கு பெல்ட் மாட்டத் தெரியலம்பாங்க."

"சொல்லட்டும். இனிமே அவருக்கு எது வலிக்கப்போகுது?"

"எனக்கு வலிக்காதா? நான் இந்தப் படிப்பே வேண்டாம்னுதானே சொன்னேன்."

"இன்னும் ஒரு வருஷம் இருக்கு. முடி." சவேத்தா வெந்த கோதுமையைத் தட்டில் கொட்டி, கரண்டியின் பின்புறத்தால் சமப்படுத்தினாள். "இதைப் பத்தி இனி ஒரு வார்த்தை வெளியில போச்சு, என்னையும் அங்கேயே குழி தோண்டிப் படுக்க வச்சிடு. சர்க்கரையை எடு."

இலிங்கா சர்க்கரையை எடுத்துக் கொடுத்தாள்.

பாதிரியார் ஜெபம் முடித்ததும் ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். எல்லாரும் தளத்து ஆட்கள். இரவல் கோட்டுகளில் தோள்கள் இறுகியிருந்தன. லிஃப்டில் பெட்டி நுழையாது. மூன்று மாடியும் படிக்கட்டு வழியாகத்தான். இலிங்கா மெழுகுவர்த்தியோடு முன்னால் இறங்கினாள். சவேத்தா பின்னால் வந்தாள். தோரின் எல்லாருக்கும் கடைசியில்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் பெட்டி மாட்டிக்கொண்டது. முன்னால் பிடித்திருந்த கவ்ரில் சுவரில் முழங்கை இடிபட நின்றார். பின்னால் இருந்தவர்களுக்குக் கால் வைக்க இடமில்லை. யாராலும் இறக்கி வைக்கவும் முடியாது, மேலே ஏறவும் முடியாது. ஒருவருடைய வியர்வை பெட்டிமீது சொட்டியது.

"எந்தப் பக்கம் திருப்பறது?" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

கவ்ரில் கழுத்தைத் திருப்பிக் கீழே பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். சிரிப்பில்லாமல், மரியாதையாகவே கேட்டார் கவ்ரில்.

"நீ சொல்லு, இன்ஜினியரம்மா."

அவள் சுவரையும் கைப்பிடிக் கம்பியையும் பெட்டியின் நீளத்தையும் பார்த்தாள்.

"கால் பக்கத்தை மேல தூக்குங்க மாமா. தலைப் பக்கம் சுவரோட ஒட்டி வாங்க. மெதுவா."

ஆறு பேரும் அவள் சொன்னபடியே செய்தார்கள்.